பிசிறு தெரியாத கோர்வை

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரம். பட்டு தெரிந்தவர்கள் கோர்வைச் சேலை எடுக்கும்போது முந்தானையை மட்டும் பார்த்து விலை பேச மாட்டார்கள். சேலையைப் புரட்டிப் போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவுவார்கள். இரண்டு நிறம், இரண்டு நாடா. சேருமிடத்தில் பிசிறு இருக்கக் கூடாது. மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ அப்படிப் புரட்டிப் பார்க்க வேண்டிய படம்.

1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. திவ்யா (ரேவதி) மனோகரைக் (கார்த்திக்) காதலிக்கிறாள். பதிவுத் திருமணத்தன்று அவன் குண்டடிபட்டுச் சாகிறான். பிறகு வீட்டார் வற்புறுத்தலால் சந்திரகுமாரை (மோகன்) மணந்து டெல்லி போகிறாள்.

இரண்டு பேருக்கு நடுவில் நிற்கும் பெண் தமிழ்த் திரைக்குப் புதியவள் அல்ல. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962), கணவனைக் காப்பாற்றிய பழைய காதலனான டாக்டரைச் சாகவிட்டது. பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) தாலியைக் காட்டி அவளைக் கணவனிடமே நிறுத்தியது. மணிரத்னம் தாலியைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் திவ்யா விவாகரத்து கேட்கிறாள்; அவனும் வக்கீலிடம் அழைத்துப் போகிறான். ஓராண்டு பொறுக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காத்திருப்புதான் கதை நடக்கும் காலம்.

மனோகர் வருவது ஏறக்குறைய அரை மணி நேரம்தான். காபிக் கடையில் அவளுடைய அப்பாவையே ‘மிஸ்டர் சந்திரமௌலி’ என்று பெயர் சொல்லி அழைக்கும் அந்தத் துடுக்கு இன்றும் பேச்சில் புழங்குகிறது. ஆனால் அவனுக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது! துள்ளி ஓடும் பின்னணி இசையோடு சரி. ‘நிலாவே வா’, ‘மன்றம் வந்த தென்றலுக்கு’ இரண்டையும் எஸ்.பி.பி. குரலில் வாய் திறக்காத கணவனுக்குக் கொடுத்துவிட்டார் இளையராஜா. வாயாடிக்குப் பாட்டு தேவைப்படவில்லை. பேச முடியாதவனுக்குத்தான் தேவைப்பட்டது. மோகனுக்கு வசனக் குரல் தந்தவர் எஸ்.என்.சுரேந்தர். இரவல் குரல் என்று ஓரிடத்திலும் தோன்றாது.

கணவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருக்கிறது என்கிறாள் திவ்யா. புழுவிலிருந்து வரும் நூலைத் தறியேற்றும் ஊரில் அந்த வசனம் வேறு மாதிரிக் காதில் விழும். பட்டுப்புழுவும் பார்க்க அழகில்லாததுதான். தன்பாட்டுக்கு இலை தின்று, கூடு கட்டி, நூலைத் தருவது. சந்திரகுமார் அந்த ஜாதி.

கொலுசைக் கவனிக்க வேண்டும். அவன் ஆசையாக வாங்கியதை வேண்டாம் என்றவள், மனம் மாறியபின் அதையே போட்டுக்கொண்டு நடக்கிறாள். இப்போது அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. காதலைச் சொல்ல அவளுக்கு அந்த ஓசை ஒன்றே துணை. பி.சி.ஸ்ரீராமின் கேமரா அந்த வீட்டின் அரை இருட்டில், பின்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் ரேவதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிசிறும் உண்டு. சர்தார்ஜிக்குத் தமிழ் கற்றுத்தரும் நகைச்சுவை நீளம். தொழிற்சங்கத் தகராறு, சந்திரகுமாருக்கு அடிபட வேண்டும் என்பதற்காகவே வருகிறது. நூல் அறுந்து முடிச்சுப் போட்ட இடங்கள் அவை.

கோர்வை மட்டும் பிரியவில்லை. சந்திரகுமார்மேல் அன்பு வந்தபின் மனோகர் ஏமாற்றுக்காரன், அறியாப் பருவத்து மயக்கம் என்றெல்லாம் ஒரு வசனம் எழுதியிருக்கலாம், மணிரத்னம் எழுதவில்லை. கடைசியில் ரயில் நிலையத்தில் அழுதுகொண்டே காதலைச் சொல்லும் திவ்யா, மனோகரைக் காதலித்த அதே திவ்யாதான். வண்டி கிளம்பிவிடுகிறது. அதுவரை நிதானமாகவே நடந்த சந்திரகுமார், முதன்முறையாக ஓடுகிறான்.