மூன்றாம் பலகை, மூன்றாம் இடம்

செஸ்ஸில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை என்பார்கள். நான் காவாந்தண்டலத்து ஆள். எங்கள் உத்திரமேரூர் வட்டாரத்தில், பராந்தக சோழன் காலத்திலேயே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து ஊர்ச் சபைக்கு ஆளைத் தேர்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்துவிட்டு தற்செயலை எப்படி லேசாக நினைக்க முடியும்? எனக்கு செஸ்ஸில் முதலில் கண்ணில் படுவதே அதுதான். காதைப் பிடித்து இழுத்துப்போய் நல்ல நல்ல உத்திகளையும் எனக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

2022 ஒலிம்பியாடையே எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, போர் வந்ததால் கைமாறி மாமல்லபுரத்துக்கு வந்து சேர்ந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆடிய போட்டி, நாம் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில்! டிக்கெட் விலை சுரீர் என்றது. போகட்டும், கல்யாணத்துக்கு மொய் வைக்கிற காசுதானே. பூஞ்சேரியில் அரங்கத்துக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை பேர், அத்தனை பலகைகள், ஆனால் காயை வைக்கிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நெற்றி நிறைய விபூதியோடு பிரக்ஞானந்தா. ஆட்டம் தொடங்குமுன் கண்ணை மூடி உட்காரும் குகேஷ். அந்தப் போட்டியில் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்த பிள்ளை. வெளியே வந்தால் திரும்பிய பக்கமெல்லாம் வேட்டி சட்டையோடு கைகூப்பி நிற்கும் குதிரை முகத்துத் 'தம்பி' சின்னம்.

அந்தத் தம்பிக்கு என்ன ராசியோ! போட்டி முடிந்தபோது ஓபன் பிரிவில் இந்தியாவின் பி அணிக்கு வெண்கலம், அதில் பிரக்ஞானந்தா. பெண்கள் பிரிவில் ஏ அணிக்கு வெண்கலம், அதில் அவருடைய அக்கா வைஷாலி. இருவரும் ஆடியது மூன்றாம் பலகையில். தனிநபர் பதக்கத்திலும் இருவருக்கும் மூன்றாம் இடமே! இதை நான் கதையில் எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். 2024-ல் புடாபெஸ்டில் இரண்டு அணிகளும் தங்கம் வாங்கியபோதும் அக்கா ஒன்றில், தம்பி ஒன்றில்.

ஆனாலும் என் மனசு போய் ஒட்டிக்கொண்டது வேறொரு ஆட்டத்தில். 2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் சே. ஆரோனியனுக்கு எதிராக நம்ம ஆனந்த், கறுப்புக் காய்களோடு. இரண்டு மந்திரிகளும் குறுக்குக் கோடுகளில் வெள்ளை ராஜாவைக் குறிபார்க்கின்றன. ராஜா மூலைக்குப் போய் ஒண்டிக்கொள்கிறது. ஆரோனியன் ஒரு யானையையே வெட்டிவிடுகிறார். ஆனந்த் பதறவில்லை, ஒரு சிப்பாயை நகர்த்துகிறார். யானை போன பிறகு சிப்பாயை நகர்த்த எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

கடைசிக் காட்சிக்கு வருகிறேன், பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ராஜா வலது மூலையில். அதற்கு இரண்டு கட்டம் முன்னால் ஓரச் சிப்பாய். அந்தச் சிப்பாயை அதே கோட்டில் நின்று கறுப்பு ராணி முறைக்கிறது. ஆனால் வெள்ளை ராணி அதே வரிசையில் தள்ளி நின்று, அந்தச் சிப்பாய்க்குக் காவலாக இருக்கிறது. இப்போது ஆனந்த் தன் மந்திரியைக் கொண்டுபோய் அந்த வெள்ளை ராணிக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே வைக்கிறார். எங்கள் தெருவில் பத்தாவது படிக்கிற பையனுக்குத் திண்ணையில் இதைப் போட்டுக் காட்டினேன்.

"அண்ணே, மந்திரிய ஏன் சும்மா தூக்கிக் குடுக்குறாரு?"

"எடுத்துப் பாருடா."

ராணியால் எடுத்தான், குதிரை வந்து ராணியை வெட்டியது. பின்வாங்கி, வெள்ளை மந்திரியால் எடுத்தான். இப்போது அவன் மந்திரியே அவன் ராணியின் பார்வையை மறைத்துக்கொண்டு நின்றது. கறுப்பு ராணி ஓரச் சிப்பாயைத் தட்டி 'செக்' சொன்னது. பக்கத்துச் சிப்பாய் ராணியை வெட்ட நகர்ந்தால், பின்னால் காத்திருக்கும் இன்னொரு கறுப்பு மந்திரியின் கோடு திறந்து ராஜா மாட்டிக்கொள்ளும். ராஜா நகர்ந்தால் அடுத்ததில் மேட். சரி, மந்திரியைத் தொடாமல் ஓரச் சிப்பாயால் குதிரையை வெட்டலாமா என்றான். முடியாது, ராணியின் கோடு திறந்துவிடும். மந்திரியைச் சும்மா விட்டாலும் மேட்தான். பையன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆரோனியனும் அந்த இடத்தில்தான் கைகொடுத்து எழுந்தார், 23-வது நகர்த்தலில்.

இதில் தற்செயல் எங்கே என்கிறீர்களா? 1907-ல், இன்றைய போலந்தின் லோட்ஸ் நகரில், ரோட்லெவி என்பவருக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன் ஓர் ஆட்டம் ஆடினார். அங்கேயும் கறுப்பு. அங்கேயும் இரண்டு மந்திரிகளும் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில். அங்கேயும் வெள்ளை ராஜா அதே மூலையில். அவர் ராணியையே வெட்டக் கொடுத்துவிட்டு முடித்தார். 106 வருஷம் கழித்து மயிலாடுதுறையில் பிறந்த ஒருவர் கையில் அதே மந்திரி ஜோடி மறுபடி எழுந்து நிற்கிறது. இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், சிலிர்க்கவில்லை என்றால் என்னைக் கேளுங்கள். எதிராளி ராணியின் பார்வையை ஒரு காயால் மறைக்கிற இந்த உத்தியைப் புத்தகத்தில் 'மறித்தல்' என்று ஒரு பத்தி எழுதியிருப்பார்கள். படித்த மறுநாளே மறந்துவிடும். இது மறக்காது.

அதே 2013 நவம்பரில், சென்னையில் வைத்தே ஆனந்திடமிருந்து உலக சாம்பியன் பட்டத்தைக் கார்ல்சன் வாங்கிப் போனார். அன்று வேடிக்கை பார்த்தவர்களில் ஏழு வயது குகேஷும் ஒருவர். பட்டம் மறுபடி சென்னைக்கு வந்தது அவரால்தான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 18-வது உலக சாம்பியன், வயது 18. முதல் நாள்தான் ஆனந்துக்கு 55-வது பிறந்தநாள். எதிரே ஆடிய டிங் லிரென் தவறியதும் 55-வது நகர்த்தலில்! நாடகமாகத்தான் இருக்கிறது.

தவறு என்ன தெரியுமா? யானையை யானைக்கு மாற்றிக்கொள்ளக் கொடுத்தார். வெள்ளை மந்திரி தூரத்து மூலையில் இருந்தது. மூலையில் இருக்கும் மந்திரிக்கு ஒரே ஒரு கோடுதான் வழி. குகேஷ் தன் மந்திரியை அதே கோட்டில், ராஜாவின் பாதுகாப்போடு, குறுக்கே நிறுத்தினார். ஓட இடமில்லை, மாற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். மாறிவிட்டால் மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஜெயித்ததும் குகேஷ் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் திருப்பி அடுக்கினாரே, அந்தக் காட்சியை செல்போனில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து என் மந்திரியை மூலையில் உட்கார விடுவதில்லை.

அந்த ஆட்டத்திலும் குகேஷ் கறுப்பு என்பதைக் கவனித்தீர்களா? ரூபின்ஸ்டைன் கறுப்பு, ஆனந்த் கறுப்பு, குகேஷ் கறுப்பு. அடுத்து நீடாமங்கலம் பக்கத்தில் திருப்பூவனூர் போக வேண்டும் என்று இருக்கிறேன். சிவபெருமான் இளவரசியோடு செஸ் ஆடி ஜெயித்து மணம் முடித்த தலம். சுவாமி பெயரே சதுரங்க வல்லபநாதர். அவர் எந்தக் காயை எடுத்தார் என்று குருக்களிடம் கேட்க வேண்டும். கழுத்திலேயே கறுப்பை வைத்திருக்கிறவர் வேறு எதை எடுத்திருக்கப் போகிறார்!