பிராய்டு நூலும் பிஸ்டர் மறுப்பும்

வியன்னா நகரத்து உளமருத்துவராகிய சிக்மண்ட் பிராய்டு என்பார் 1927-ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சமய ஆராய்ச்சி நூலின் பெயரை 'ஒரு மாயையின் எதிர்காலம்' எனத் தமிழிற் பெயர்ப்பார் உளராயின், அவர் அந்நூலுக்கும் சித்தாந்தத்துக்கும் ஒருங்கே தீங்கிழைப்பவராவர். சைவர்க்கு மாயையாவது உலகிற்கு முதற்காரணமாய் நிற்கும் உள்பொருள், வெறுந்தோற்றமன்று. பிராய்டு கருதியதும் வெறும் பொய்யன்று. விருப்பங் காரணமாகத் தோன்றி அதன் வலியானே நிலைபெறும் கொள்கை யாது, அதுவே அவர் சொற்குப் பொருள். அது மெய்யாதலும் கூடும் என்று அவரே உடன்படுகின்றார். ஆதலின் 'விழைவெண்ணம்' என்றல் பொருந்தும்.

குழவி தந்தையின் காவலை நாடுமாறு போல, இயற்கையின் கொடுமைக்கும் இறப்புக்கும் அஞ்சிய மாந்தர் பெருந்தந்தையொருவனைத் தம் உள்ளத்தே அமைத்துக்கொண்டனர் என்பது அந்நூலின் வாதம். ஒருவன் நீரை விழைகின்றான் என்பதனால் நீர் இல்பொருளாகாது. உண்டென்பதும் அதனாற் பெறப்படாது. இதனை முன்னர் உடன்பட்டவர் பின்னர் மறந்தார் போல எழுதிச் செல்லுதலே நூலின் பெருங்குறை. எனினும், பிள்ளைப்பேறும் வழக்கில் வெற்றியும் வேண்டி நேர்ந்துகொண்டு, அவை கிட்டாவழித் தெய்வத்தை வைவாரை நோக்கின், அவர் கூற்று முழுவதும் தள்ளத்தக்கதன்று.

மறுப்பெழுதியவர் சூரிக் நகரத்துக் கிறித்தவப் போதகராகிய ஆஸ்கர் பிஸ்டர். இவர் 1909 முதல் பிராய்டுக்கு நண்பர். தாமும் உளப்பகுப்பு முறையைக் கையாண்டவர். நண்பர் நூற்பெயரையே தலைகீழாக்கி, 'ஒரு எதிர்காலத்தின் விழைவெண்ணம்' எனப் பொருள்படும் பெயரால் 1928-இல் 'இமாகோ' இதழில் வெளியிட்டார். அவ்விதழ் பிராய்டினதே என்பது அவர் பெருந்தன்மைக்குச் சான்று. அறிவியலே மாந்தர்க்குப் போதும் என்னும் நம்பிக்கையும் விழைவெண்ணமே என்று பிஸ்டர் திருப்பியது நல்லடி. உயர்ந்த சமயம் தன்னல விருப்பத்தை எதிர்ப்பதாகலின் விருப்பத்திற் பிறந்ததாகாது என்றதோ வலியின்று. அடக்கத்தை விழைதலும் விழைவேயன்றோ?

உளப்பகுப்பு நுண்கணிதம் போல்வதொரு கருவியே. சமயத்தார்க்கும் அது பயன்படும் என்று பிராய்டு அந்நூலிலேயே கூறினார். சைவர் பற்றிக்கொள்ளத்தக்க இடம் இதுவே. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் ஆன்மா ஆகாமை சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்து நிறுவப்பட்டது. கருவி பழுதுற்றவழி அதனைச் செப்பனிடுவான் தொழில் வேறு. அக்கருவிக்கு எட்டாப் பொருளை இல்லை எனத் தீர்ப்பான் தொழில் வேறு. கண்மருத்துவன் படலம் நீக்குதற்கு உரியன். கதிரவன் இல்லை என்றற்கு உரியனல்லன்.

அற்றேல், உளநோயுற்ற அடியார் மருத்துவரை நாடலாமோ, வினைப்பயன் என்று பொறுத்திருத்தலே முறையன்றோ எனின், அற்றன்று. காய்ச்சலும் வினைப்பயனே, அதற்கு மருந்துண்ணாதார் யாவர்? நூறுமுறை கைகழுவியும் அனுட்டானத்துக்குத் தூய்மை போதாதென்று நடுங்குவாரை இன்னும் நியமமாயிருக்க ஏவுதல் நோயை வளர்த்தலேயாம். இத்தகைய நோயையும் சமயச் சடங்கையும் பிராய்டு 1907-இல் ஒப்பிட்டெழுதினார். ஒப்புமை கண்டவர் வேற்றுமையை முற்றக் கண்டிலர். நியமத்துக்கு முடிவுண்டு, முடிந்தபின் உள்ளம் அமைதியுறும். நோயாளன் செய்கைக்கு முடிவேயில்லை. இவ்வேற்றுமையை உணர்ந்த மருத்துவர் கழுவுதலை நிறுத்துவர், பூசையை நிறுத்தார். உணராதார் இரண்டனையும் ஒருங்கே களைய முற்படுவர். அடியார் அஞ்சுவது இவரையே. அவ்வச்சம் பற்றிச் சிகிச்சையே பெறாது வருந்துவார் உறவினரைக் கேட்பின் இதன் கொடுமை விளங்கும்.

அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தார் 1994-இல் வெளியிட்ட நோய்வகை நூலின் நான்காம் பதிப்பில், சமயம் பற்றிய இடர்ப்பாட்டை மனநோயின் வேறாக, ஆயினும் மருத்துவர் கருதத்தக்கதாக, வைத்தெண்ணினர். நம்பிக்கை தளர்தல், மதம் மாறியதனால் நேரும் கலக்கம் முதலியன ஆண்டு எடுத்துக்காட்டாயின.