இரவிற் பிடித்த காட்சியும் காலையில் விற்ற செய்தியும்

தீயோன் வீழ்தலும் நல்லோன் வாழ்தலும் கதைக்கு இலக்கணமெனக் கொள்வது நம் மரபு. அவ்விலக்கணத்தை மீறிய கதை அறம் பிழைத்ததாகுமோ என்னும் வினா அண்மையில் எம் ஆசிரியர் ஓய்வறையில் எழுந்தது. அதனை எழுப்பியது, டான் கில்றோய் எழுதி நெறிப்படுத்தி 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'நைற்குரோலர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம். அறம் பிழைத்தது என்றார் நண்பரொருவர். அம்முடிவு குற்றமன்று, படத்தின் உட்பொருளே அதிலேதான் அடங்கியுள்ளது என்பதை ஈண்டு நிறுவ முயல்வாம்.

முதற்கண் கதையைக் கூறுவாம். லொஸ் ஏஞ்செல்ஸ் நகரிற் சிறு களவுகளாற் பிழைக்கும் லூ புளூம் என்பான், வீதி விபத்துகளை இரவிற் படம்பிடித்துத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்போரைக் காண்கின்றான். களவாடிய துவிச்சக்கர வண்டியொன்றைக் கொடுத்து ஒரு கமராவையும், பொலிசாரின் வானொலிப் பேச்சைக் கேட்கும் கருவியையும் பெற்றுத் தானும் அத்தொழிலில் இறங்குகின்றான். எடுத்த காட்சிகளை நீனா என்னும் செய்திப் பணிப்பாளரிடம் விற்கின்றான். காட்சி சிறக்கவேண்டி, விபத்தில் வீழ்ந்தவனின் உடலையே இழுத்து இடம்மாற்றுகின்றான். ஈற்றில் தன் உதவியாளன் உயிரிழக்கவும் வழிசெய்து, அச்சாவையும் படமாக்குகின்றான். அவன் சிறை செல்லவில்லை; புதிய வாகனங்களும் புதிய பணியாளரும் பெற்றுத் தொழிலை விரிக்கின்றான்.

இனி இத்தொழிலின் பொருளியலை நோக்குவாம். அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் நெடுங்காலமாக விளம்பர வருவாயைப் பெரிதும் நம்பி வந்தவை. வான்வழி வரும் செய்திக்கு நேயர் பணம் கொடுப்பதில்லை. ஆதலின் அவர் வாங்குபவருமல்லர். வாங்குபவர் விளம்பரதாரர்; விற்கப்படுவது நேயரின் கவனம். எத்துணைப் பேர் பார்த்தனர் என்னும் எண்ணைக்கொண்டே விளம்பரக் கட்டணம் பேசப்படும். மறுபுறத்தில், நிருபரையும் படப்பிடிப்பாளரையும் சம்பளங் கொடுத்து இரவு முழுதும் வைத்திருத்தல், சம்பவம் நிகழினும் நிகழாவிடினும் நிலையான செலவாகும். வெளியாள் கொணரும் காட்சிக்கோ, அது வேண்டுமாயின் மட்டும் பணம் கொடுத்தாற் போதும். வாகனம், எரிபொருள், கமரா, உயிராபத்து ஆகிய யாவும் விற்பவனைச் சார்ந்தவை. லூ அச்சுமையைத் தன் உதவியாளன்மீது இறக்குகின்றான். இரவொன்றுக்கு 30 டொலரே அவனுக்குக் கூலி. நிலையத்திலிருந்து லூவுக்கும், லூவிலிருந்து உதவியாளனுக்கும் இவ்வாறு இறங்கிவரும் சுமையே இப்படத்தின் உண்மைக் கதை எனலாம்.

நீனா வேண்டும் செய்தியும் இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றது. வறியோர் வாழும் பகுதிகளில் நிகழும் குற்றம் அவளுக்கு வேண்டுவதில்லை. வசதிமிக்க வெள்ளையரின் புறநகர்களை அணுகும் குற்றமே வேண்டும். அவளது நிலையம் நேயர் தொகையிற் பின்தங்கியது. அவளது பணி ஒப்பந்தமும் முடியுந் தறுவாயில் உள்ளது. இது வெறுங் கற்பனையன்று. லொஸ் ஏஞ்செல்ஸ் நிலையங்களின் அரைமணிச் செய்தியில் உள்ளூர் அரசாங்கம்பற்றிய செய்தி சராசரியாக 22 விநாடியே பெற்றதென, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆய்வொன்று 2010இல் எடுத்துக்காட்டிற்று. படத்தில் லூவும் இவ்வெண்ணை ஒப்புவிக்கின்றான். நகரசபையின் வரவுசெலவைப் படித்து விளக்க நிருபருக்கு நாட்கள் வேண்டும். அதற்கேற்ற காட்சியும் எளிதிற் கிட்டாது. எரியும் வாகனத்துக்கோ விளக்கமே வேண்டியதில்லை. ஒலிபரப்பு உரிமம் பொதுநலங் கருதி வழங்கப்படவேண்டும் என்பது 1934ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொடர்பாடற் சட்டம் வகுத்த கொள்கை. அக்கொள்கைக்கு நடைமுறையிற் கிடைத்த இடம் 22 விநாடி.

படத்திற் குறையே இல்லையோவெனின், உண்டு. லூவாக நடித்த ஜேக் ஜிலன்ஹாலின் நடிப்பு மிகச் சிறந்தது. ஆயினும் லூவை இயல்பு பிறழ்ந்தவனாகக் காட்டியமையால், இத்தகையோர் உலகில் மிகச் சிலரே என நாம் ஆறுதல்கொள்ள இடமேற்படுகின்றது. நிலையத்தின் உரிமையாளரும் விளம்பரதாரரும் கதையில் இடம்பெறவில்லை. செலவைக் குறைக்குமாறு பணிப்பவர் கொடியவராய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. கணக்கறிந்த நல்ல குடும்பத்தவராகவே இருக்கலாம். அவரையும் காட்டியிருப்பின் படம் மேலும் உண்மை பெற்றிருக்கும். நிலையத்தின் செய்தியாசிரியர் பிராங் ஆட்சேபிக்கவும், நீனா காட்சியை ஒளிபரப்பும் இடம் ஒன்றே இவ்வுண்மையை அணுகுகின்றது. மனச்சாட்சி அங்கே பேசுகின்றது; தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கில்லை.

நண்பரின் வினாவுக்கு இனி மீள்வாம். லூ தண்டனை பெற்றிருப்பின் நாம் மனநிறைவோடு எழுந்து சென்றிருப்போம். அவனிடத்தில் வேறொருவன் கமராவுடன் நின்றிருப்பான். 1930களின் இறுதியிலேயே நியூயோர்க்கில் வீஜி என்னும் புகைப்படக்காரர், தம் மோட்டார் வண்டியிற் பொலிஸ் வானொலியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் திரிந்து, எடுத்த படங்களைப் பத்திரிகைகளுக்கு விற்றுவந்தார். அவர் லூவைப் போன்ற கொடியவரல்லர். ஆயின் இருவரையும் அழைத்த சந்தை ஒன்றே. வாங்குவோர் உள்ளவரை விற்போன் வீழான் என்பதைக் கூறுவதால், இம்முடிவு அறம் பிழைத்ததன்று. அறத்தின் கேள்வியை விற்பவனிடமிருந்து வாங்குபவரிடம் திருப்பியதாகும். விலையின்றி நம் இல்லம்வரும் செய்தியைக் காணுந்தோறும், அதற்கான பணத்தை யார் கொடுத்தார், யாது கருதிக் கொடுத்தார் என வினாவ நம் மாணாக்கரைப் பழக்குதல் நம் கடன். நண்பர் இன்னும் முற்றாக உடன்படவில்லை. ஆயினும் படத்தை மீண்டுமொருமுறை பார்ப்பதாகக் கூறியுள்ளார்.