எண்களே படமாகும்போது

நிகழ்வுச் செவ்வகம் வரைந்து முடித்ததும் எண்கள் தொலைந்துவிடும். 41-உம் 49-உம் ஒரே பட்டைக்குள் போய்விட்டால், அதைப் பார்த்து எது எதுவென்று சொல்ல வழியில்லை. தண்டு-இலை வரைபடத்தில் அந்த இழப்பு கிடையாது. பத்தாமிட இலக்கம் தண்டு, ஒன்றாமிட இலக்கம் இலை. எண்களை எழுதி முடிக்கும்போதே படமும் முடிந்திருக்கும்.

இதைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி. கணினிக்காரர்கள் சொல்லும் 'பிட்' என்ற சொல்லும் அவர் உண்டாக்கியதுதான். 1977-இல் வெளிவந்த 'எக்ஸ்ப்ளோரட்டரி டேட்டா அனாலிசிஸ்' நூலில், பென்சிலும் காகிதமும் கையுமாகத் தரவோடு உட்காரச் சொல்லித் தருகிறார். கணினியை நன்கறிந்த ஒருவர் கைவேலையை இவ்வளவு மதித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

அமெரிக்கப் புள்ளியியல் வகுப்புகளில் வெகுகாலமாகப் புழங்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பேப் ரூத் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடிய 1920 முதல் 1934 வரை ஆண்டுதோறும் அடித்த ஹோம் ரன்கள்: 54, 59, 35, 41, 46, 25, 47, 60, 54, 46, 49, 46, 41, 34, 22. (பேஸ்பால் தெரியாதவர்களுக்கு: ஹோம் ரன் நம் சிக்ஸருக்குப் பங்காளி.) முதலில் 2 முதல் 6 வரை தண்டுகளைக் கீழ்நோக்கி எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு ஒருவர் பட்டியலை உரக்க வாசிக்க, மற்றவர்கள் இலைகளை ஒவ்வொன்றாக வைப்பார்கள். 54 என்றதும் ஐந்தின் வரிசையில் 4. 59 என்றதும் அதே வரிசையில் 9. வந்த வரிசைப்படியே வைத்துவிட்டு, இரண்டாம் பிரதியில் சிறிதிலிருந்து பெரிதாக ஒழுங்குபடுத்துவது நல்ல பழக்கம். முன்பே வரிசைப்படுத்தித் தந்துவிட்டால் மாணவர்களுக்குக் கிடைப்பது கோடிட்ட இடத்தை நிரப்பும் வேலை மட்டுமே.

கட்டம் போட்ட நோட்டு அவசியம். ஒரு கட்டத்துக்கு ஓர் இலை. ஒரு பையன் இலைகளை நெருக்கியும் இன்னொருவன் பரப்பியும் எழுதினால் வரிசையின் நீளம் பொய் சொல்லும். இந்தப் படத்தில் நீளம்தான் எண்ணிக்கை. 46 மூன்று முறை வந்தால் 6-ஐ மூன்று முறையும் எழுத வேண்டும். "ஒருமுறை எழுதினால் போதாதா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கேள்விதான். கடைசியில் ஒரு குறிப்பும் வேண்டும்: 4 | 6 என்றால் 46. அது இல்லாவிட்டால் 4.6 என்றோ 460 என்றோ வாசிக்க இடமுண்டு.

இனி ராஜர் மாரிஸ். 1927-இல் ரூத் வைத்த 60 என்ற சாதனையை 1961-இல் 61 அடித்து முறியடித்தவர். 1957 முதல் 1968 வரை அவர் கணக்கு: 14, 28, 16, 39, 61, 33, 23, 26, 8, 13, 9, 5. ஒரே தண்டின் இருபுறமும் இருவரையும் நிறுத்தினால்:

மாரிஸ் | தண்டு | ரூத்
9 8 5 | 0 |
6 4 3 | 1 |
8 6 3 | 2 | 2 5
9 3 | 3 | 4 5
– | 4 | 1 1 6 6 6 7 9
– | 5 | 4 4 9
1 | 6 | 0

இடப்பக்கத்தில் நாற்பதுகளும் ஐம்பதுகளும் காலி. மாணவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். இலை இல்லாத தண்டு எதற்கு என்று அழித்துவிடுவார்கள். அழித்தால் 61 போய் 39-க்கு அடுத்தபடியில் உட்கார்ந்துகொள்ளும், அந்த ஒற்றை ஆண்டு எவ்வளவு தனித்து நின்றது என்பதே தெரியாமல் போகும். இந்தப் படத்தின் மிக அழகான பகுதி, என் கணக்கில், அந்த இரண்டு வெற்று வரிசைகள்தாம்.

ரூத் பக்கம் வேறு விதம். நோட்டை இடப்புறமாகத் திருப்பிப் பிடித்தால் நாற்பதுகளில் குன்று எழும்புகிறது. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் 60 பெரிய தாவல் அல்ல, 59-க்கு அடுத்த படி. பதினைந்து இலைகளில் எட்டாவதை எண்ணினால் இடைநிலை அளவு 46. மாரிஸின் பன்னிரண்டில் நடு இரண்டு இலைகள் 16, 23; இடைநிலை 19.5. 1961-இல் சாதனையை முறியடித்தவர் மாரிஸ். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அடித்தவர் யார் என்று கேட்டால், இந்தப் படத்தைப் பார்த்த எந்தப் பிள்ளையும் தயங்காது. சராசரியை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் இத்தனையும் கண்ணில் பட்டிருக்காது.

ஜப்பானிய ரயில் நிலையங்களின் கால அட்டவணை பெரும்பாலும் இதே வடிவந்தான்: மணி தண்டு, நிமிடம் இலை. காலை நெரிசல் நேரத்து வரிசை நீண்டு கிடக்கும், பின்னிரவு வரிசை குறுகிவிடும். பயணிகள் யாரும் அதைப் புள்ளியியல் என்று நினைத்து வாசிப்பதில்லை.

தண்டு-இலை வரைபடத்துக்குக் குறைகளும் உண்டு. ஆயிரக்கணக்கில் தரவு வந்தால் இலைகள் தாளைத் தாண்டும். ஒரே தண்டில் கூட்டம் சேர்ந்தால் உருவம் மழுங்கும். அப்போது டூக்கி தண்டையே பிளந்துவிடுவார்: 0 முதல் 4 வரை ஒரு வரி, 5 முதல் 9 வரை மறுவரி. ரூத்தின் நாற்பதுகளை அப்படிப் பிரித்தால் மேல்வரியில் 1 1, கீழ்வரியில் 6 6 6 7 9. எத்தனை தண்டு வைப்பது என்பதற்குக் கறாரான விதி கிடையாது. இரண்டு விதமாகவும் வரையச் சொல்லி, எது எதைக் காட்டுகிறது என்று மாணவர்களையே வாதாட விடலாம்.