டிராமிசு: ஒரு கிண்ணத்துக்கு எத்தனை ஊர்

இத்தாலிய இனிப்புகளில் டிராமிசு அளவுக்கு ஊர்ச்சண்டை மூட்டியது வேறு இல்லை. பெயரின் பொருள் ‘என்னைத் தூக்கி நிறுத்து’. முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, மஸ்கார்போனே என்னும் கட்டிப் பாலேடு, காப்பியில் நனைத்த சவோயார்தி பிஸ்கெட், மேலே தூவ கோகோ: சரக்கு இவ்வளவுதான்.

முதலில் புராணங்களைப் பார்த்துவிடலாம். 17ஆம் நூற்றாண்டில் சியனா நகருக்கு வந்த மூன்றாம் கோசிமோ மெடிச்சி பிரபுவுக்காக ‘பிரபுவின் சூப்’ என்ற பெயரில் இது பிறந்ததாம். கேட்க இனிக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. மஸ்கார்போனே வடக்கே லொம்பார்டியின் சரக்கு, விரைவில் கெட்டுப்போகும். பச்சை முட்டைக் கலவையை ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் யார் குளிரவைத்திருப்பார்கள்? அதைவிட, 1891இல் வந்த பெல்லெக்ரீனோ ஆர்தூசியின் புகழ்பெற்ற சமையல் நூலிலேயே டிராமிசு கிடையாது. இரண்டாவது கதை கொஞ்சம் காரமானது. ட்ரெவீசோ நகரின் விலைமகளிர் விடுதிகளில் களைத்த வாடிக்கையாளர்களுக்குத் தெம்பூட்ட இதைக் கொடுத்தார்களாம். அந்த விடுதிகளை இத்தாலி 1958இல் சட்டம் போட்டு மூடிவிட்டது. சாட்சி சொல்ல ஆளில்லாததாலோ என்னவோ, கதை மட்டும் ஜோராக ஓடுகிறது.

ஆனால் இந்தக் கதைக்கு அடியில் ஒரு நிஜப் பழக்கம் இருக்கிறது. ட்ரெவீசோ வட்டார வீடுகளில் மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, ‘ஸ்பாதுதின்’ என்று பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் புதுமணத் தம்பதிகளுக்கும் கொடுப்பது வழக்கம். தெம்பு என்ற பேச்செல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

ட்ரெவீசோ மரபின் தாய்வீடு ‘லே பெக்கெரீயே’ உணவகம். ஆதோ காம்பியோல் நடத்திய அந்த உணவகத்தில், அவர் மனைவி ஆல்பாவும் இனிப்புக் கலைஞர் ரொபெர்த்தோ லிங்குவானோட்டோவும் சேர்ந்து உருவாக்கிய இனிப்பு 1972இல் உணவுப்பட்டியலில் ஏறியது. வனிலா ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தபோது முட்டைக் கலவையில் மஸ்கார்போனே தவறி விழுந்தது என்பது லிங்குவானோட்டோ சொன்ன கதை. பிள்ளை பெற்ற உடம்புக்குத் தெம்பு தந்த உணவிலிருந்து யோசனை வந்தது என்பது ஆல்பாவின் பக்கம். ஒரே அடுப்படியில் இரண்டு தோற்றக் கதைகள்! காப்புரிமை மட்டும் யாரும் வாங்கவில்லை.

பக்கத்து மாநிலமான ஃப்ரியூலி சும்மா இருக்கவில்லை. க்ளாரா, ஜிஜி பதோவானி தம்பதி 2016இல் வெளியிட்ட நூல் அங்கே இரண்டு ஊர்களைக் காட்டியது. மலையடிவாரமான டோல்மெட்ஸோவில் 1950களிலேயே நோர்மா பியெல்லி, ஆர்தூசியின் ‘தோல்சே டொரீனோ’ இனிப்பில் மதுவுக்குப் பதில் காப்பியும் வெண்ணெய்க்குப் பதில் மஸ்கார்போனேயும் சேர்த்தார். பியேரிஸ் ஊரில் மாரியோ கொசோலோ அதற்கும் முன்பே ‘திரிமே சு’ என்ற பெயரில் ஒரு கோப்பை இனிப்பு பரிமாறினார். ஆனால் அதில் மஸ்கார்போனே இல்லை. பெயரை வைத்துப் பார்த்தால் பியேரிஸ், கலவையை வைத்துப் பார்த்தால் டோல்மெட்ஸோ. உலகமெங்கும் கொண்டுசேர்த்த பெருமையை மட்டும் ட்ரெவீசோவிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

2017இல் ஃப்ரியூலி தன் மரபு உணவுகளின் அரசுப் பட்டியலில் டிராமிசுவைச் சேர்த்தபோது, ட்ரெவீசோ அடங்கிய வெனேத்தோவின் ஆளுநர் லூகா சாயா கொதித்தெழுந்தார். அதே ஆண்டில் ட்ரெவீசோ ‘டிராமிசு உலகக் கோப்பை’யைத் தொடங்கியது. தொழில்முறைச் சமையல்காரர்களுக்கு அதில் இடமில்லை.

இலக்கணம் எழுதும் வேலை அதற்கு முன்பே, 2010இல், நடந்துவிட்டது. இத்தாலிய சமையல் அகாதெமி ட்ரெவீசோ செய்முறையை நோட்டரி முன் பதிவு செய்தது: 12 மஞ்சள் கரு, அரை கிலோ சர்க்கரை, ஒரு கிலோ மஸ்கார்போனே, 60 சவோயார்தி. வெள்ளைக் கரு கிடையாது, மதுவும் கிடையாது. இந்தச் சட்டத்தை இத்தாலிய வீடுகளே மதிப்பதில்லை. வெள்ளைக் கருவை நுரைத்துச் சேர்ப்பவர்கள் ஏராளம். மர்சாலா மது ஊற்றுபவர்களும் உண்டு. வெள்ளைக் கரு சேர்ந்தால் கலவை பஞ்சாகும், ஆனால் மஸ்கார்போனேயின் கனத்த சுவை மங்கிவிடும். இந்த ஒரு வழக்கில் நோட்டரி பக்கமே நியாயம்.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பிஸ்கெட்டை ஆறிய காப்பியில் தொட்டதும் எடுத்துவிடுங்கள். ஊறவிட்டால் அடித்தட்டு கூழாகிவிடும்.