காட்டுப் பள்ளியும் மாட்டுக்காரப் பிள்ளைகளும்

'குழந்தைகளை நான்கு சுவருக்குள் அடைக்காதீர்கள், மரத்தடிக்கு அனுப்புங்கள், மண்ணைத் தொடவிடுங்கள்' என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சேரியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டதும் முதலில் சிரிப்புதான் வரும். எங்களை யாரய்யா நான்கு சுவருக்குள் அடைத்தது? அடைத்திருந்தால் நாலெழுத்து படித்திருப்போமே என்று ஏங்கியே செத்துப்போனவர்கள் எங்கள் தாத்தாக்கள். வெயிலும் சேறும் மாட்டுச் சாணியும் எங்களுக்குத் தொடாமல் கிடந்த பொருள்கள் இல்லை. சிரிப்பு அடங்கின பிறகு யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே மரத்தடி ஒரு பிள்ளைக்குக் கல்வியாகவும் இன்னொரு பிள்ளைக்குக் கூலியாகவும் எப்படி ஆகிறது?

இந்தப் பேச்சின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. டென்மார்க்கில் 1950களிலிருந்தே மழலைகளைக் காட்டுக்குள் வைத்து வளர்க்கும் பள்ளிகள் உண்டு. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள பிரிட்ஜ்வாட்டர் கல்லூரிக்காரர்கள் 1993இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து தங்கள் ஊரில் ஆரம்பித்ததுதான் 'ஃபாரஸ்ட் ஸ்கூல்'. பிள்ளைகள் மரம் ஏறுகிறார்கள், சுள்ளி பொறுக்கித் தீ மூட்டுகிறார்கள், கத்தியால் குச்சி சீவுகிறார்கள். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு மழைக்கோட்டு உண்டு, பூட்ஸ் உண்டு, சாயங்காலம் திரும்பிப் போக வீடும் புத்தகமும் உண்டு. அவன் பொறுக்கின சுள்ளியில்தான் ராத்திரி உலை கொதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நம் ஊரில் இந்தக் கனவைப் பரப்பியதில் ஒரு புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டெட்சுகோ குரோயநாகி 1981இல் எழுதிய 'டோட்டோ-சான்'. டோக்கியோவில் சொசாகு கோபயாஷி என்ற தலைமையாசிரியர் 1937இல் தொடங்கிய டோமோயி பள்ளியைப் பற்றியது. பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. 1945இல் குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோனது. நமது மாற்றுக் கல்விக்காரர்கள் இதை வேதம் மாதிரி வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கட்டும். ஆனால் அதை எப்படிப் படிக்கிறார்கள்? ரயில் பெட்டி, மரம், நீச்சல் குளம், நடைப் பயணம், இதோடு சரி. எனக்கு அந்தப் புத்தகத்தில் மரம் முக்கியமாகப் படவில்லை. மரத்தில் யார் ஏறினார்கள் என்பதுதான் முக்கியம். போலியோ தாக்கிய யாசுவாகி என்ற பையனை டோட்டோ-சான் ஏணி வைத்து, இழுத்து, வியர்த்து வடிந்து தன்னுடைய மரத்தில் ஏற்றிவிடுகிறாள். அவன் வாழ்க்கையில் ஏறின ஒரே மரம் அதுதான். அங்கே மரம் என்பது விலக்கப்பட்டவனும் ஏறலாம் என்ற அனுமதி. நம் கிராமத்தில் ஊர்த்தெரு புளியமரத்தில் சேரிப் பையன் ஏறினால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு இடமும் உண்டு, யாரும் கண்டுகொள்ளாதது. ஒரு நாள் கோபயாஷி பக்கத்து வயலிலிருந்து ஒரு விவசாயியைக் கூட்டிவருகிறார். நான் வாத்தியார் இல்லீங்க, வெறும் குடியானவன் என்று அவர் கூச்சப்படுகிறார். தலைமையாசிரியர் விடவில்லை. இன்றைக்கு இவர்தான் உங்கள் ஆசிரியர் என்று பிள்ளைகள் முன் நிறுத்துகிறார். களை ஏன் பிடுங்க வேண்டும், எந்தப் பூச்சி என்ன செய்யும் என்று அந்த மனிதர் சொல்லச்சொல்லப் பிள்ளைகள் கூடவே வேலை செய்கிறார்கள். இயற்கையைக் காட்டுவது சுலபம். இயற்கையோடு மல்லுக்கட்டுகிறவனை ஆசிரியன் என்று அழைப்பதுதான் கஷ்டம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யை வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. 2000இல் வந்த நாவல். (தலித் அல்லாதவர் எழுதியது தலித் இலக்கியமா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.) கொங்குச் சீமையில் கவுண்டர் பண்ணையங்களில் ஆள்காரர்களாக விடப்பட்ட சக்கிலியப் பிள்ளைகள். மேய்ச்சல் காடுதான் அவர்கள் உலகம். கூளையன், நெடும்பன், செவிடி, வவுறி, மொண்டி. பெயர்களைக் கவனியுங்கள். குட்டை, நெட்டை, செவிடு, வயிறு, கால் ஊனம். ஒரு வருகைப் பதிவேட்டில் ஏறியிருந்தால் அவர்களுக்கு வேறு பெயர் இருந்திருக்கும். ஏறவில்லை, அதனால் உடம்பே பெயராகிவிட்டது.

இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாத இயற்கை எது? ஆட்டின் குரலை வைத்து அதற்கு என்ன என்று சொல்வார்கள். பனை தெரியும், கிணறு தெரியும், இருட்டு தெரியும். காட்டுப் பள்ளிக்காரர்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுக்க நினைப்பதெல்லாம் கூளையனிடம் ஏற்கனவே இருக்கிறது. விளையாட்டும் இருக்கிறது, அந்த நாவலில் பிள்ளைகளின் சந்தோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. அதுதான் படிக்கிறவனைக் கொல்கிறது. பள்ளிக்கூடம் போகிறவன் பண்ணையக்காரர் மகன் செல்வன். கூளையனோடு காட்டில் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறான். கூளையன் பட்டிக்குப் போகிறான். காடு ரெண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் செல்வனுக்கு அது விளையாட்டு நேரம். நாவலை 'குழந்தைமையின் அழகியல்' என்று மெச்சுகிறவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

எங்கள் சந்தேகத்துக்கு வரலாறும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளணும். வாழ்க்கையிலிருந்து கற்பது, கையால் கற்பது என்றுதான் அதற்கும் நியாயம் சொன்னார்கள். 'குலக்கல்வித் திட்டம்' என்று சரியான பெயரை வைத்து எதிர்த்தது பெரியாரும் திராவிட இயக்கமும். 1954இல் காமராசர் வந்து அதைக் கைவிட்டார். திட்டம் அப்படியே நீடித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. ஆகவே 'பாடப் புத்தகத்தைக் குறைங்க, மண்ணில் விடுங்க' என்று யாராவது சொன்னால், யாருடைய பிள்ளையை என்று நாங்கள் கேட்போம். கேட்கத்தான் செய்வோம்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கபிலர் அதைப் பாடியது ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்க என்பது மரபு. காட்டைக் காட்டிப் பாடம் நடத்தினது அன்றைக்கே அரசனுக்குத்தான்! பேராசிரியர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். காந்தள் எப்படி இருக்கும் ஐயா என்றேன். பாட்டில் இருக்கும் என்றார். ராத்திரி வீட்டில் அடையாளம் சொல்லிக் கேட்டேன். "கண்வலிப் பூவாடா? அதோட கெழங்கு வெஷம்டா, ஆடு தின்னா போச்சு"ன்னாங்க அம்மா. ஆவிரையை ஆவாரம்பூ என்றும் பூளையைக் காப்புக்கட்டுகிற பூ என்றும் அம்மாவே சொன்னாங்க. பரிட்சையில் நான் எழுதினது பேராசிரியரின் பட்டியலைத்தான். அம்மாவின் விடைக்கு மதிப்பெண் கிடையாது.

நாலு வருசத்துக்கு முன்னால் நடந்தது. டவுனில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம், இயற்கையோடு கற்பது என்று சொல்லி வேன்களில் பிள்ளைகளை எங்கள் ஊர் வயலுக்குக் கூட்டிவந்தது. நடவு நேரம். ஆண்டை வயலில் எங்க அம்மாவும் இன்னும் எட்டுப் பெண்களும் நட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சேற்றில் இறங்கினார்கள், கத்தினார்கள், சிரித்தார்கள். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. நாற்றை எப்படிப் பிடிக்கணும், கட்டைவிரலால் எவ்வளவு ஆழம் அமுக்கணும் என்று அம்மாதான் ஒவ்வொரு கையாகப் பிடித்துக் காட்டினாங்க. ஒரு மணி நேரம். கடைசியில் ஆசிரியை எல்லோரையும் வரப்பில் நிற்கவைத்து 'அங்கிளுக்கு நன்றி சொல்லுங்கள்' என்றார். அங்கிள் யாரென்றால் ஆண்டை. அவர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார்.

டோமோயியின் அந்தக் குடியானவர் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தார். மரம், வயல், சேறு எல்லாம் அங்கிருந்து எடுத்து வந்தவர்கள் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இன்றைக்கு இவர்தான் உங்கள் ஆசிரியர்.

அதே ஊரின் அரசுப் பள்ளி அந்த வயலிலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் தெருப் பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள். அவர்களிடம் போய் உனக்குத் தெரிந்த பத்துச் செடியின் பெயர் எழுது என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டு அதற்கு மார்க் போட்டிருந்தால் அதை நான் இயற்கைக் கல்வி என்று ஒத்துக்கொள்வேன்.

வேன்கள் போனதும் அம்மா திரும்ப வயலில் இறங்கினாங்க. பிள்ளைகள் நட்ட நாற்றில் பாதி மிதந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி நட்டாங்க. "பாவம், கொழந்தைங்க, அதுங்களுக்கு இன்னா தெரியும்"னாங்க. பொழுது இறங்கிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆண்டை கூலியில் பிடித்துக்கொண்டார்.