அட்டைக் கோயிலும் கருகிய பூச்செண்டும்

திருமண ஏற்பாடுகளை இலக்கிய ஆராய்ச்சிக்குரிய பொருளாக நாம் அதிகம் கருதுவதில்லை. மணமகள் என்ன உடுத்தினாள், மேசையை எவர் அலங்கரித்தார், விருந்தின் முடிவில் எந்தப் பண்டம் வந்தது என்பனவெல்லாம் கதையின் ஓரத்தில் கிடக்கும் வருணனைகள் என்றெண்ணிப் பக்கங்களைப் புரட்டி விடுகிறோம். காப்பியங்களில் பழகிய கண் நம்முடையது. அங்கே மணநகரின் அலங்காரம் மங்கலத்தின் அறிவிப்பு. அதற்கு எவ்வளவு செலவாயிற்று, யார் கொடுத்தார் என்று புலவர் கேட்பதில்லை. நாவலாசிரியரோ கேட்கிறார். 19ஆம் நூற்றாண்டில் அக்கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபேர்.

அவருடைய 'மதாம் பொவாரி' 1856ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் 'ரெவ்யூ த பாரீ' என்னும் இதழில் தொடராக வெளிவந்தது. ஒழுக்கக்கேடான நூல் என்று 1857இல் வழக்குத் தொடரப்பட்டு, ஆசிரியர் விடுதலை பெற்ற பின்னர் அதே ஆண்டில் நூலாயிற்று. எம்மா என்னும் பெண்ணின் தகாத உறவுகளும், கடனும், நஞ்சுண்டு இறந்த முடிவும் எல்லோரும் பேசுபவை. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்த நாவலின் தொடக்கத்தில் வரும் திருமணத்தை மட்டுமே. அந்தச் சில பக்கங்களில் நாவல் முழுவதும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது நம் கருத்து.

ஏற்பாட்டிலிருந்தே தொடங்குவோம். எம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது: நள்ளிரவில், தீவட்டிகளின் ஒளியில் தன் திருமணம் நடைபெற வேண்டும். நார்மண்டியின் உழவரான அவளுடைய தந்தை ருவோவுக்கு இந்த எண்ணம் விளங்கவே இல்லை. ஆகவே ஊர் வழக்கப்படி பகலில் திருமணம் நடந்தது. 43 விருந்தினர், 16 மணி நேரம் மேசையை விட்டு எழாத விருந்து. மணமகளின் உடைகளில் ஒரு பகுதி ரூவான் நகரிலிருந்து தருவிக்கப்பட்டது. மற்றவற்றை, இரவல் வாங்கிய நாகரிகப் படங்களைப் பார்த்து அவளே தைத்துக்கொண்டாள். மணமகனின் தாயாரோ மருமகளின் உடையைப் பற்றியும் விருந்தின் ஒழுங்கைப் பற்றியும் தம்மிடம் ஒரு சொல் கேட்கவில்லை என்பதால் நாள் முழுவதும் வாய் திறவாமல் இருந்துவிட்டு, நேரத்தோடு படுக்கைக்குச் சென்றுவிடுகிறார். எந்நாட்டுத் திருமணத்திலும் நிகழக்கூடிய இந்த மௌனத்தை இரண்டே வரிகளில் பதிந்து வைத்த ஆசிரியரின் பார்வையை என்னென்பது!

இனி, புகழ்பெற்ற அந்தக் கேக்கிற்கு வருவோம். இவ்தோ என்னும் ஊரிலிருந்து ஓர் இனிப்புக்காரர் அமர்த்தப்பட்டிருந்தார். அந்த வட்டாரத்திற்கு அவர் புதியவர். எனவே பெயரெடுக்க வேண்டும் என்று மிகவும் மெனக்கெட்டு, விருந்தின் முடிவில் தாமே ஓர் அடுக்குப் பணியாரத்தைச் சுமந்து வருகிறார். கண்டவர்கள் வியப்பால் கூவிவிடுகிறார்கள். அடியில் நீல அட்டையாலான ஒரு கோயில். அதில் தூண் வரிசைகள், சிறு சிலைகள், மாடங்களில் பொற்காகித விண்மீன்கள். நடு அடுக்கில் கேக்கினால் எழுப்பிய கோட்டை. அதனைச் சுற்றி வாதுமையும் உலர்திராட்சையும் ஆரஞ்சுச் சுளைகளும் அரண்களாக நிற்கின்றன. உச்சியில் பசும்புல் வெளி, பாறைகள், பழப்பாகினாலான ஏரிகள், கொட்டை ஓட்டினாலான படகுகள். அங்கே சாக்லேட் ஊஞ்சலில் காதல் தெய்வத்தின் சிறு உருவம் ஆடுகிறது. அவ்வூஞ்சற் கால்களின் முனையில் மட்டும் உண்மையான ரோஜா மொட்டுகள்.

இந்தப் பகுதியை நாட்டுப்புறத்தாரின் ரசனைக் குறைவைப் பற்றிய ஏளனம் என்று கொள்வோர் உளர். கோயில், கோட்டை, புல்வெளி என்று ஒன்றோடொன்று பொருந்தாதவற்றை அடுக்கி வைத்திருக்கிறார். அடித்தளமோ வெறும் அட்டை. எனவே இது போலிக் கலைக்கு எடுத்துக்காட்டு என்பது அவர்களது வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஃப்ளோபேரின் பேனாவில் கேலி இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் இக்கேலி எவர்மேல் பாய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அந்த இனிப்புக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. அட்டையை அட்டையாகவே வைத்தார். தின்னத்தக்கதை அதன்மேல் வைத்தார். தம் தொழிலில் அவருக்குப் பெருமை இருந்தது. அதை விருந்தினர் ஒப்புக்கொண்டனர். பின்னர் மாலை வரை உண்டனர், பாடினர், கலைந்தனர். அந்தக் கலை தன் கடமையைச் செய்து முடித்து மறைந்தது. அதற்குப் பிறகு நாவலில் எவரும் அந்தக் கேக்கை நினைத்து ஏங்கவில்லை. அதனால் எவரும் கெடவும் இல்லை.

கேடு வேறிடத்தில் இருக்கிறது. கோயில், கோட்டை, ஏரி, படகு, ஊஞ்சலாடும் காதல் தெய்வம் ஆகிய இவை எங்கிருந்து வந்தன? எம்மா கன்னிமாடப் பள்ளியில் மறைவாகப் படித்த காதற் கதைகளில் இருந்தவை அனைத்தும் இவையே. கேக்கிலிருந்த உலகமும் எம்மாவின் உள்ளத்திலிருந்த உலகமும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வேறுபாடு ஒன்றுதான்: இனிப்புக்காரருக்குத் தாம் செய்தது ஒரு நாளைக்கு உரியது என்று தெரியும், எம்மாவுக்குத் தெரியாது. அவள் அந்தச் சாக்லேட் ஊஞ்சலில் வாழ்நாள் முழுவதும் குடியிருக்கலாம் என்று நம்பினாள். ஆசிரியர் நகைப்பது அலங்காரத்தைக் கண்டன்று. அலங்காரத்தை வாழ்க்கை என்று எண்ணிய மனத்தைக் கண்டே.

இக்கருத்துக்குச் சான்றாக உடையைக் கூறலாம். பண்ணை வீட்டிலிருந்து ஊராட்சி மன்றத்திற்கு மண ஊர்வலம் வயல்களின் ஊடே நடந்து செல்கிறது. எம்மாவின் உடை நீளம் மிகுந்தது, தரையில் இழுபடுகிறது. அவள் அடிக்கடி நின்று, கையுறை அணிந்த விரல்களால் அதில் ஒட்டிய புல்லையும் முள்ளையும் எடுக்கிறாள். மணமகன் ஷார்ல் வெறுங்கையோடு அருகில் நின்று காத்திருக்கிறான். நகரத்து நாகரிகப் படத்தைப் பார்த்துத் தைத்த உடைக்கும், அதை உடுத்தி நடக்க வேண்டிய வயலுக்கும் உறவில்லை. உதவத் தெரியாத கணவனும் அந்த ஒரு காட்சியிலேயே அறிமுகமாகிவிடுகிறான். அதே ஊர்வலத்தில் 14, 16 வயதுச் சிறுமியர் சிலர் வருகின்றனர். முன்பு முதல் நன்மைச் சடங்குக்கு அணிந்த வெள்ளுடையையே, நீளம் சேர்த்துத் தைத்து உடுத்தியிருக்கிறார்கள். ஆசிரியர் இதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. ஒரு தாயின் கையூசி செய்த சிக்கனமான படைப்பு அது என்பதை நாம் உணர்ந்துகொள்கிறோம்.

மூன்றாவது பொருள் பூச்செண்டு. மணமகளாகத் தோஸ்த் என்னும் ஊரிலுள்ள கணவன் வீட்டிற்குள் நுழையும் எம்மா, அவனுடைய இறந்துபோன முதல் மனைவியின் மணப்பூச்செண்டு இன்னும் ஒரு குடுவையில் இருப்பதைக் காண்கிறாள். ஷார்ல் அதை எடுத்துப் பரணில் வைக்கிறான். தான் இறந்தால் தன் பூச்செண்டு என்னவாகும் என்று அவள் எண்ணுகிறாள். சில காலம் சென்று அவ்வூரை விட்டுப் புறப்பட ஆயத்தமாகும் ஒரு நாளில், இழுப்பறையை ஒழுங்கு செய்யும்போது விரலில் கம்பி ஒன்று குத்துகிறது. அது அவளுடைய பூச்செண்டின் கம்பி. ஆரஞ்சு மொட்டுகளில் புழுதி படிந்து மஞ்சளாகியிருக்கிறது. அவள் அதைத் தீயில் எறிகிறாள். அது எரிந்து கரியாகிப் புகைபோக்கி வழியே பறந்துவிடுகிறது. நாவலின் முதற்பகுதி இங்கே முடிகிறது. மலரைக் கட்டிய கம்பி மலரைக் காட்டிலும் நெடுநாள் இருந்து குத்தியது என்ற செய்தியை ஆசிரியர் நமக்கு விரித்துரைக்கவில்லை; நாமே கண்டுகொள்ளும்படி விட்டுவிட்டார்.

உடையின் கதை மட்டும் அத்துடன் முடியவில்லை. வணிகர் லெரோ கடனுக்குத் துணியும் பகட்டுப் பொருள்களும் கொடுத்துக் கொடுத்து எம்மாவை 8,000 பிராங்கு கடனில் ஆழ்த்துகிறார். அவள் இறந்த பின், ஷார்ல் அவளை மண உடையுடனே, வெண் காலணியும் மலர்வளையமும் அணிவித்து, மூன்று பெட்டிகளுள் அடக்கம் செய்ய வேண்டும் என்றும், மேலே பச்சை வெல்வெட்டைப் போர்த்த வேண்டும் என்றும் எழுதித் தருகிறான். உடலுக்கு உடை அணிவிக்கும் பெண்கள், வாயிலிருந்து வழியும் கரிய நீர் பட்டு உடை கெட்டுவிடுமோ என்று பதறுகிறார்கள். மனைவியின் பகற்கனவு கணவனைத் தொற்றிக்கொண்டது. செலவாளியாக இராத அந்த எளிய மருத்துவன், எல்லாம் முடிந்த பிறகு அவளைப் போலவே அலங்காரம் செய்யக் கற்றுக்கொள்கிறான். அவனும் இறந்தபின் அவர்களுடைய ஒரே பெண்குழந்தை பிழைப்புக்காகப் பஞ்சாலைக்கு அனுப்பப்படுகிறாள். விருந்து தொடங்கிய கணக்கு அந்தக் குழந்தையின் கூலியில் வந்து முடிகிறது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது, 1860-61இல் தொடராக வந்த சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. அதில் வரும் மிஸ் ஹாவிஷாம் என்னும் செல்வச் சீமாட்டி, மணநாளன்று உடுத்திக்கொண்டிருந்தபோது மணமகன் கைவிட்டான் என்ற கடிதத்தைப் பெறுகிறார். அன்று காலை 8.40 மணியிலேயே வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் நிறுத்திவிடுகிறார். அணிந்த வெள்ளுடை உடலிலேயே மஞ்சளாகிறது. ஒரு காலணி காலில், மற்றொன்று மேசையில். விருந்து மேசையில் வைத்த கேக் வெட்டப்படாமலே சிலந்திகளின் வீடாகிறது. எம்மா தன் பூச்செண்டை எரித்தார் என்றால், இந்த அம்மையாரோ எதையும் அழியவிடவில்லை. உண்ணப்படாத அந்தக் கேக், வளர்ப்பு மகள் எஸ்டெல்லாவின் நெஞ்சையும் கல்லாக்குகிறது. இறுதியில் அந்த உடை தீப்பற்றுகிறது. அப்போது இளைஞன் பிப், விருந்து மேசையின் விரிப்பை உருவித் தீயை அணைக்கிறான். மேலே அழுகிக் கிடந்தவை எல்லாம் அதனோடு சரிந்து விழுகின்றன. அத்தனை ஆண்டுகள் எதற்கும் பயன்படாமல் கிடந்த விரிப்பு, அன்றுதான் ஒருவருக்குப் பயன்பட்டது.

இவ்விரு நாவல்களுக்கும் பின்னணியாக ஒரு வரலாற்று நிகழ்ச்சியும் உண்டு. 1840 பிப்ரவரி 10ஆம் நாள் விக்டோரியா அரசியார் தம் திருமணத்தில் வெண்பட்டு உடுத்தி, தலையில் ஆரஞ்சுப் பூச் சூடினார். பட்டு, லண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளர் நெய்தது. அதில் தைத்த பின்னல், டெவன் மாவட்டத்துக் கைவினைப் பெண்கள் செய்த ஹானிட்டன் பின்னல். எந்திரப் பின்னலால் நலிந்திருந்த அத்தொழிலுக்கு ஆதரவு தருவதும் அதன் நோக்கமாக இருந்தது. பின்னர் உலகின் பல பகுதிகளிலும் வெள்ளுடை பரவியது. ஆனால் பரவியது நிறம் மட்டுமே. யாருடைய கைக்கு வேலை கொடுக்கிறோம் என்ற எண்ணம் உடன் பரவவில்லை. அந்த மணத்திரையை அரசியார் வாழ்நாளெல்லாம் காத்து வைத்திருந்து, 1901இல் அதனுடனேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. எம்மாவுக்கு மட்டும் உரிய பேதைமையன்று அது, மனித இயல்பு.

அப்படியாயின் அழகே வேண்டாமா? மணவீட்டில் பூவும் பட்டும் இனிப்பும் கூடாதா? அவ்வாறு சொல்பவர் இந்நாவல்களைத் தவறாகப் படித்தவர் ஆவார். இவ்தோவின் இனிப்புக்காரரையும், பழைய உடையை நீட்டித் தைத்த தாயையும் ஃப்ளோபேர் தண்டிக்கவில்லை. திருமண அலங்காரம் அழியும் கலை, அழிவதற்கென்றே செய்யப்படுவது. ஆங்கிலேயர் மணக் கேக்கின் மேலடுக்கை முதற் குழந்தையின் பெயர்சூட்டு நாளுக்கென்று எடுத்துவைப்பது வழக்கம். அங்கும்கூட எடுத்துவைப்பது பின்னொரு நாள் பகிர்ந்து உண்பதற்கே.

இன்று நம் ஊர் மண்டபங்களிலும் அடுக்குக் கேக் வந்துவிட்டது. உயரம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கீழடுக்குகளைத் தெர்மாகோலால் செய்து, மேலே சர்க்கரைப் பூச்சு பூசுவதும் உண்டு. அது அட்டைக் கோயிலின் வழித்தோன்றல்தான். ஆனால் ஒரு வேற்றுமையைக் காண்கிறோம்: அந்த அட்டை, அட்டை என்றே தெரிந்தது; இந்தத் தெர்மாகோல் கேக்கைப் போலவே நிற்கிறது. விருந்தினர் உண்பதற்கன்றிப் படத்தில் நிற்பதற்காக அது செய்யப்படுகிறது. மேடையும் மணமகளின் உடையும் அவ்வாறே பிறர் படங்களைப் பார்த்து அமைக்கப்படுகின்றன. இரவல் வாங்கிய படங்களைப் பார்த்து எம்மா தைத்துக்கொண்டது நம் நினைவுக்கு வருகிறது. புதுமை என்று நாம் பெயரிட்டு அழைப்பதில் எவ்வளவு நம்முடையது என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

ஒரு மணவீட்டு அலங்காரத்தை மதிப்பிட, இந்நாவல்கள் நமக்குச் சில கேள்விகளைத் தருகின்றன. அதைச் செய்த கைக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைத்ததா? வந்தவர்கள் அதில் பங்கு பெற்றார்களா? அதை உடுத்தியவளால் தன் ஊர் வழியே நடக்க முடிந்ததா? அது முடிந்த மறுநாள், அந்த வீட்டில் எவருக்கேனும் கடன் எஞ்சியதா? ஃப்ளோபேர் நான்காவது கேள்விக்கு விடை சொல்ல ஒரு முழு நாவலையே எழுதினார். திருமணத்திற்கு நாள் குறித்த பெற்றோர், பந்தற்காரரை அழைப்பதற்கு முன்னர் ஓர் இரவு இதனைப் படிப்பாராயின், அச்செலவு வீணாகாது என்று சொல்வோம்.